கருவி மாற்றும் வேட்கை: காண்டல், கருதல், உரை

பாயிரம்

யானைக்கு மதம் பிடிப்பதற்குப் பருவமும் அறிகுறியும் உண்டு. கன்னத்தில் நீர் கசியும். பாகன் சங்கிலியை இறுக்குவான். ஊரார் ஒதுங்கி நிற்பார்கள். காட்டுயிர்ப் படம் எடுப்பவருக்குக் கேமரா மாற்றும் வேட்கை பிறப்பதற்கும் பருவமும் அறிகுறியும் இருக்கின்றன. ஆனால் யானையைப் பற்றி நூல் செய்த முன்னோர் இதைப் பற்றி ஒரு சூத்திரம்கூட எழுதி வைக்காமல் போய்விட்டார்கள். அக்குறையைக் களையும் பொருட்டு இவ்வாய்வு மேற்கொள்ளப்படுகிறது. இதற்கு யாரும் நிதி தரவில்லை. தந்திருந்தால் அது லென்ஸாகியிருக்கும்.

முதலில் பருவம். தமிழ்நாட்டில் இவ்வேட்கை புரட்டாசியில் அரும்பி ஐப்பசியில் முற்றுகிறது. வடக்கிலிருந்து ஆறுமணிக் குருவி வந்து இறங்குவதும், தீபாவளி போனஸ் வங்கிக் கணக்கில் இறங்குவதும், கடைகளின் தள்ளுபடி விளம்பரம் கைபேசியில் இறங்குவதும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் நிகழ்கின்றன. முதலாவது, போனஸ் சட்டம் இயற்றப்படுவதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே நடந்து வருவது. மற்ற இரண்டும் இடைச்செருகல். இம்மூன்றையும் ஒரு மாதத்தில் கொண்டுவந்து வைத்தது இயற்கையா வணிகமா என்ற வினா இங்கே எழுப்பப்படவில்லை.

அடுத்தது அறிகுறி. எடுத்த படத்தைக் கணினித் திரையில் நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கி, நாரையை விட்டுவிட்டு நாரையின் கழுத்துக்குப் பின்னால் இருக்கும் நிழலை உற்றுப் பார்த்தல் முதல் அறிகுறி. நள்ளிரவில் தன் கேமராவுக்கு இன்றைய செகண்ட் ஹேண்ட் விலை என்ன என்று தேடுதல் இரண்டாவது. தோளில் தொங்கிக்கொண்டிருக்கும் கேமராவையே ‘என்னோட பழைய கேமரா’ என்று சொல்லத் தொடங்குவது முற்றிய நிலை. இந்நிலையை அடைந்தவரிடம் வாதிட்டுப் பயனில்லை. அவர் முடிவெடுத்தாகிவிட்டது, இனி அவருக்கு வேண்டியது சாட்சி மட்டுமே.

தேவை வேறு, வேட்கை வேறு. நாளை விடியற்காலையில் காட்டுக்குப் போகிறவருக்குத் தோன்றுவது தேவை. போன வாரம் எடுத்த படத்தை இன்று இரவு ஃபேனுக்கடியில் உட்கார்ந்து பார்க்கிறவருக்குத் தோன்றுவது வேட்கை. இவ்வாய்வு பிந்தையதைப் பற்றியது.

முன்னோர் மரபு

ஆய்வேடு என்றால் முன்னோர் செய்ததைச் சொல்லியாக வேண்டும். இங்கிலாந்தில் ரிச்சர்ட் கியர்ட்டன், செர்ரி கியர்ட்டன் என்று அண்ணன் தம்பி இருவர். 1892இல் ஒரு பறவைக் கூட்டையும் முட்டைகளையும் படமெடுத்ததில் தொடங்கியது அவர்கள் தொழில். தொலைவில் நின்று பறவையை நன்றாக எடுக்க அன்றைய லென்ஸ் போதவில்லை. பக்கத்தில் போனால் பறவை பறந்துவிடும். மனிதனைக் கண்டு பறக்கும் பறவை மாட்டைக் கண்டால் பறப்பதில்லை என்று கவனித்தார்கள். ஆகவே 1900ஆம் ஆண்டு வாக்கில் ஒரு காளையின் தோலை மரச்சட்டத்தின்மேல் போர்த்தி, உள்ளே ஒரு ஆளும் கேமராவும் புகுந்துகொள்ளுமாறு செய்து, புல்வெளியில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். ஃபோகல் லெங்த் போதாமைக்கு மாடு தீர்வான இந்நிகழ்ச்சி கேமரா விளம்பரங்களில் இடம்பெறுவதில்லை. நம் ஊர் உண்ணிக்கொக்கைக் கேட்டிருந்தால் மாட்டின் அருமையை அதுவே சொல்லியிருக்கும்.

அடுத்து எஃப். டபிள்யூ. சாம்பியன். வனத்துறை அதிகாரி, இமயத்தின் அடிவாரக் காடுகளில் வேலை. புலி நடக்கும் தடத்தில் கம்பி கட்டி, புலியின் கால் பட்டதும் பளிச்சென்று வெளிச்சம் அடித்துப் படம் பதிவாகும்படி செய்தார். 1925இல் அவருடைய புலிப் படங்கள் லண்டன் பத்திரிகையில் வந்தன. 1927இல் நூலே வந்தது. படத்தை எடுத்தவர் சாம்பியனா, கம்பியை மிதித்த புலியா என்பதைப் பதிப்புரிமை வழக்கறிஞர்கள் தீர்க்கட்டும். நமக்கு வேண்டியது ஒன்றுதான்: விநாடிக்கு எத்தனை படம் என்ற கேள்விக்குச் சாம்பியனின் விடை, ‘இரவுக்கு ஒன்று, அதுவும் புலி வந்தால்’.

மூன்றாமவர் நம்மவர். மா. கிருஷ்ணன் (1912–1996), ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் மகன். 1950 முதல் சாகும்வரை கல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் இயற்கை பற்றிய பத்தி எழுதினார், தமிழிலும் எழுதினார். யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர். அவர் கையாண்ட கருவி, வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைத் தாமே இணைத்துச் செய்துகொண்டது. அதற்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயரும் வைத்திருந்தார். அதில் ஆட்டோஃபோகஸ் கிடையாது. கை நடுக்கத்தைத் தாங்கும் ஸ்டெபிலைசேஷன் கிடையாது. வாரண்டி கேட்பதென்றால் எந்தக் கம்பெனியின் வாசலில் போய் நிற்பது என்பதே தெளிவில்லை.

கிருஷ்ணனைக் காட்டி, ‘பாருங்கள், அவர் ஒட்டுப்போட்ட கேமராவில் எடுத்தார், உங்களுக்கு எதற்குப் புதுசு?’ என்று கேட்போர் ஒரு சாரார். இவ்வாதம் மேடைக்கு உதவும், ஆய்வுக்கு உதவாது. ஒருவர் ஒரு பாகத்தை எடுத்து இன்னொரு பாகத்தில் பொருத்திப் பார்க்கிறார் என்றால் இருப்பது போதவில்லை என்று அவர் கருதினார் என்றே பொருள். கிருஷ்ணனும் கருவியை மேம்படுத்தியவர்தான். கையால் செய்தார், இஎம்ஐயால் செய்யவில்லை. அதோடு, தமக்கு எது குறைகிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இந்தக் கடைசி வரியிலேயே இவ்வாய்வு முடிந்திருக்கலாம். ஆயினும் பிறர் கொள்கையான பரபக்கத்தை மறுக்காமல் தம் கொள்கையான சுபக்கத்தை நிறுவுவது மரபன்று.

கணக்கர் திறம்

‘மணிமேகலை’ காப்பியத்தின் 27ஆம் காதையில் மணிமேகலை ஆண் துறவியின் உருக்கொண்டு வஞ்சி நகரில் அளவைவாதி தொடங்கிப் பூதவாதி ஈறாகப் பல சமயக் கணக்கரிடமும் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். நம் காலத்தில் அதற்கு இணையான இடம் பள்ளிக்கரணை. 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த சதுப்பு நிலம். ஒரு பக்கம் குப்பைமேடு, ஒரு பக்கம் ஐடி கட்டடங்கள், நடுவில் பூநாரை. ஞாயிற்றுக்கிழமை காலையில் சாலையோரம் ட்ரைபாட்கள் வரிசையாக நிற்கும். மணிமேகலை கையில் அமுதசுரபி இருந்தது. இங்கே வந்து கொள்கை கேட்பவர் சட்டைப்பையில் கிரெடிட் கார்டு இருக்கிறது. அள்ள அள்ளக் குறையாது என்ற நம்பிக்கை இரண்டுக்கும் பொது.

முதலில் பேசுபவர் பாடிவாதி. “ப்ரோ, லென்ஸெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். பறவையோட கண்ணை அதுவே கண்டுபிடிச்சுப் புடிச்சுக்குது ப்ரோ. நீங்க இன்னும் நடுப்புள்ளியை வச்சுத் தேடிட்டிருக்கீங்க.” இவர் சொல்வதில் உண்மை உண்டு, அதற்குப் பின்னால் வருகிறேன்.

அவரை மறுத்து எழுபவர் லென்ஸ்வாதி. வயதில் மூத்தவர். இவருடைய கொள்கையின் அடித்தளம் யாக்கை நிலையாமை. பாடி அழியும், லென்ஸ் நிலைக்கும். இன்று ஒரு பாடியில் இருக்கும் லென்ஸ் நாளை இன்னொரு பாடியில் புகும். “தம்பி, பணத்தைக் கண்ணாடியில போடு. பாடி ரெண்டு வருசத்துல பழசு.” கேட்க நன்றாயிருக்கிறது. ஆனால் 2018இல் நிக்கானும் கேனனும் சில வார இடைவெளியில் மிரர்லெஸ்ஸுக்கென்று புதிய மவுண்ட்களை அறிவித்தபோது இக்கொள்கை ஒரு நெருக்கடிக்கு ஆளாயிற்று. நிக்கானின் பழைய மவுண்ட் 1959 முதலும் கேனனுடையது 1987 முதலும் இருந்தவை. அன்றிலிருந்து லென்ஸ் பழைய உடலை விட்டுப் புதிய உடலில் புகுவதற்கு அடாப்டர் என்ற ஒன்று இடையில் தேவைப்படுகிறது. மறுபிறவிக்கு அடாப்டர் வேண்டும் என்று எந்தத் தத்துவமும் அதற்கு முன் சொன்னதில்லை.

மதம் மாறியவர்கள் தனிக்குழுவாக நிற்பார்கள். ஒரு கம்பெனியிலிருந்து இன்னொரு கம்பெனிக்கு எல்லாவற்றையும் விற்றுவிட்டுப் போனவர்கள். புதிய மதத்தில் இவர்களைவிடத் தீவிரமானவர் கிடையாது. விற்றது பாதி விலைக்கு என்பதால், வாங்கியது இரட்டிப்பு நல்லது என்று நிறுவாமல் இவர்களால் உறங்க முடியாது. எடைவாதிகள் பெரும்பாலும் ஐம்பது கடந்தவர்கள், 2.3 கிலோ எடையுள்ள 200-500 லென்ஸைச் சில பருவங்கள் தூக்கியபின் வலது தோள் சொன்ன ஞானம் அவர்களுடையது. இவர்களுடைய வாதத்தை மறுக்க இயலவில்லை. வலி என்பது காண்டல் அளவை, அதாவது நேரே அறிவது.

கடைசியில் பூதவாதி. கையில் இருப்பதைத் தவிர வேறெதையும் நம்பாதவர், கைபேசியில் எடுப்பவர். பூநாரைக் கூட்டத்தை வெள்ளைப் புள்ளிகளாக எடுத்து, “போதும்ல?” என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். அங்கே நிற்பவர்களில் நிம்மதியானவர் அவர் ஒருவரே என்பது பதிவு செய்யத்தக்கது.

அளவை

அளவைவாதி மணிமேகலையிடம் பத்து அளவை, அதாவது உண்மையை அறியும் பத்து வழி, சொல்கிறான். பின்வந்த சைவ சித்தாந்திகள் அவற்றைக் காண்டல், கருதல், உரை என்று மூன்றில் அடக்கினர். கேமரா வாங்கும் விஷயத்துக்கு இம்மூன்றே தாராளம்.

காண்டலாவது, எடுத்த படத்தை நேரே பார்த்துக் குறை அறிதல். எளிதாகத் தோன்றும். ஆனால் வேட்கை கொண்டவர் கண்ணுக்கு எல்லாக் குறையும் ஒரே குறையாகத் தெரியும்: கேமரா பழசு. உண்மையில் குறைகள் பல இனம். கை நடுங்கியதால் வந்தது ஒரு இனம்; ஃபோகஸ் பறவையைத் தவறவிட்டுப் பின்னாலிருக்கும் கோரையைப் பிடித்தது இன்னொன்று. வெயில் ஏறியபின் நீர்ப்பரப்பின்மேல் காற்று அலையடிப்பதால் உருவம் நெளிவது மூன்றாவது; பள்ளிக்கரணையில் ஒன்பது மணிக்குமேல் நின்று எடுப்பவர்களின் மங்கல் பெரும்பாலும் இந்த இனம். பத்து லட்ச ரூபாய் லென்ஸ் இந்த நெளிவைப் போக்காது. நெளிவையே அழகாக, துல்லியமாகக் காட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக முதுகு காட்டல் என்று ஒரு குறை உண்டு. பறவை நமக்கு வாலைக் காட்டி உட்கார்ந்திருக்கும். இதற்கு எந்தக் கம்பெனியும் இதுவரை ஃபர்ம்வேர் அப்டேட் விடவில்லை.

கருதல் அளவையில்தான் பெரும்பாலோர் சறுக்கி விழுகிறார்கள். இவ்விடத்தில் சற்று நின்று செல்வோம். மணிமேகலை 29ஆம் காதையில் அறவண அடிகள் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு ஆகியவற்றையும் அவற்றின் போலிகளையும் விரித்துரைக்கிறார். வேட்கை கொண்டவரின் அனுமானத்தை அம்முறையில் எழுதினால் இப்படி வரும். மேற்கோள்: நான் புதிய கேமரா வாங்க வேண்டும். ஏது: என் படத்தில் நாய்ஸ் இருத்தலான். எடுத்துக்காட்டு: புதிய கேமரா உடைய நண்பரின் படத்தில் அது இல்லாமை போல.

ஏதுப்போலி இங்கே பளிச்சென்று தெரிகிறது. நண்பர் காலை ஏழரை மணிக்கு, சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, அருகில் வந்து அமர்ந்த பறவையைச் சட்டம் நிரம்ப எடுத்தார். நம்மவர் அதே பறவையை எதிர்வெயிலில் தூரத்திலிருந்து எடுத்து, இருண்டுபோனதை வீட்டில் வெளிச்சமாக்கி, பத்தில் ஒரு பங்கை வெட்டி எடுத்துப் பெரிதாக்கினார். நாய்ஸ் பிறந்தது சென்சாரில் அல்ல, கத்தரியில். நண்பரும் நம்மவரும் கேமராவை மட்டும் மாற்றிக்கொண்டு அதே இடங்களில் நின்றிருந்தால் நண்பரின் படம்தான் மறுபடியும் நன்றாக வந்திருக்கும்.

இதைக் கணக்காலும் நிறுவலாம். சிறுநீல மீன்கொத்தி அலகிலிருந்து வால்வரை சுமார் 16 செ.மீ. இருபது மீட்டர் தொலைவில் ஒரு கம்பின்மேல் அமர்ந்திருக்கிறது. 400 எம்எம் லென்ஸ் வழியே சென்சாரில் விழும் அதன் உருவம் 3.2 மி.மீ. அளவு. 600 எம்எம் என்றால் 4.8 மி.மீ. ஃபுல் ஃபிரேம் சென்சாரின் அகலம் 36 மி.மீ. என்பதை நினைவில் கொள்க. இந்த 1.6 மி.மீ. கூடுதலுக்காகத்தான் ஒன்றரை லட்சம் செலவழிப்பதா வேண்டாமா என்று ஒருவர் மாதக்கணக்கில் தூக்கமிழக்கிறார். அதே 4.8 மி.மீ. உருவம் 400 எம்எம் லென்ஸிலும் கிடைக்கும், 13.3 மீட்டர் தொலைவிலிருந்து எடுத்தால். ஆக, ஒன்றரை லட்சம் கொடுத்து நாம் வாங்குவது நடக்காமல் விட்ட 6.7 மீட்டர் தூரத்தை. மீட்டருக்கு ஏறத்தாழ 22,400 ரூபாய் விழுகிறது. மழை நாளில் நள்ளிரவில் சென்னை ஆட்டோக்காரர்கூட இவ்விலை கேட்டதில்லை.

‘நடந்து போனால் மீன்கொத்தி பறந்துவிடாதா?’ என்று ஒரு தடை எழும். பறந்துவிடும். அதனால்தான் லென்ஸ் என்ற ஒன்றே இருக்கிறது. ஆனால் மீன்கொத்தி தனக்குப் பிடித்த கம்புக்குத் திரும்பத் திரும்ப வரும் இயல்புடையது. பறந்தபின் அந்தக் கம்புக்கு 13 மீட்டர் தள்ளி, மறைவாக, அசையாமல் உட்கார்ந்திருந்தால் அதுவே வரும். இதற்குத் தேவையான கருவி உட்காரும் பலகை. விலை குறைவாக இருப்பதால் யாரும் அதற்கு விமர்சனம் எழுதுவதில்லை. (கூட்டில் இருக்கும் பறவைக்கு இவ்விதி பொருந்தாது. அங்கே நெருங்குவதே குற்றம், 6.7 மீட்டர் அல்ல, பத்து மடங்கு விலகி நிற்க வேண்டும்.)

வெளிச்சக் கணக்கும் இவ்வாறே. எஃப் 6.3 லென்ஸை விட்டு எஃப் 4 லென்ஸுக்குப் போனால் இரண்டரை மடங்கு வெளிச்சம். 600 எம்எம்முக்கு எஃப் 4 என்றால் ஒளி புகும் வாய் 15 செ.மீ. இருக்க வேண்டும், அவ்வளவு பெரிய கண்ணாடிக்கு விலை பத்து லட்சத்தைத் தாண்டும். சூரியன் எழும் வேளையில் இருபது நிமிடம் சும்மா நின்றால் அதைவிட அதிகமாகவே வெளிச்சம் கூடிவிடும். இதற்கு ஜிஎஸ்டி கிடையாது. ஆனால் சோலைக்குள் நிற்கும் மிளாவுக்கும் அந்தியில் மட்டும் வெளிவரும் உயிர்களுக்கும் இவ்வாதம் செல்லாது என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும்; அங்கே விடிந்தாலும் விடியாது.

கருதலில் இன்னுமொரு பொறி இருக்கிறது. அது படித்தவர்களைப் பிடிப்பது. கிராப் சென்சாரை விட்டு ஃபுல் ஃபிரேமுக்குப் போனால் எல்லாம் நன்றாகிவிடும் என்ற கொள்கை. நிக்கான் டி500 வைத்திருப்பவர் ஒருவர். அதில் 20.9 மெகாபிக்சல், 1.5 மடங்கு கிராப். அவர் 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் பாடி வாங்கி, அதே லென்ஸைப் பொருத்தி, அதே கிளையில் இருக்கும் அதே பறவையை எடுக்கிறார். முன்பு நிரம்பியிருந்த சட்டம் இப்போது காலியாக இருக்கிறது. பழைய அளவுக்கு வெட்டினால் மிஞ்சுவது 10, 11 மெகாபிக்சல். பணம் கொடுத்துப் பறவையைச் சிறிதாக்கிக்கொண்டார். பழைய அளவைத் திரும்பப் பெற 45 மெகாபிக்சல் பாடி வாங்க வேண்டும். அப்போதும் வெட்டியபின் கிடைப்பது 20க்குச் சற்றுக் குறைவு. லட்சங்களைச் செலவழித்துப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும் இந்த யாத்திரையில் சந்தித்த பலரும், புறப்பட்ட இடத்தைவிட அது நன்றாக இருப்பதாகவே சொன்னார்கள்.

உரை அளவையாவது நம்பத்தகுந்தோர் வாக்கு. இங்கே ஆப்தர் யார் என்பதே சிக்கல். யூடியூபில் விமர்சிப்பவர் ஏரிக்கரைப் பூங்காவில் நின்றுகொண்டு, ரொட்டிக்குப் பழகிய வாத்தைப் பளீரென்ற வெயிலில் எடுத்துக் காட்டி, ஃபோகஸ் அபாரம் என்கிறார். அந்த வாத்துக்கு மூக்குப்பொடி டப்பாவைக் காட்டினாலும் போஸ் கொடுக்கும். வால்பாறைச் சோலையின் இருட்டில் ஐஎஸ்ஓ 6400க்கு ஏறியபின் சருகுக்குள் தாவும் பறவையை அவர் எடுத்துக் காட்டியதில்லை. கடைக்காரரின் வாக்கு இன்னொரு வகை. “சார், இது ஃபியூச்சர் ப்ரூஃப்” என்பார். எதிர்காலத்தைத் தாங்கும் என்று சொல்லப்பட்ட அந்த மாடலுக்கு மார்க் 2 வரும்போது அவரே தொலைபேசியில் அழைப்பார்.

இக்கட்டுரையாளர் அறிந்தவரை உரை அளவைக்கு ஆகச்சிறந்த எடுத்துக்காட்டு ஒரு அத்தை. தென்மாவட்டத்துக் குளத்தங்கரையில் வளர்ந்தவர். அண்ணன் மகன் கைபேசியில் பெருமையோடு காட்டிய படத்தைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார்.

“இதே கொக்குதானய்யா போன வருசமும் காட்டுன?”

“இல்ல அத்தை, இது வேற கொக்கு. இது புது கேமரா.”

“கொக்கு அதே மாதிரிதான் நிக்குது.”

கொக்கு என்ன செய்துகொண்டிருந்தது என்று அத்தை பார்த்தார். அண்ணன் மகன் கொக்கின் இறகு எவ்வளவு துல்லியம் என்று பார்த்தான். இருவரில் படத்தைப் பார்த்தவர் அத்தை. மீனை விழுங்கும் கொக்கு, வெயிலுக்கு இறகு விரித்துக் குஞ்சுக்கு நிழல் தரும் நாரை, நத்தையை ஓட்டிலிருந்து உருவி நிற்கும் நத்தைகுத்தி நாரை ஆகியவற்றுக்கும், சும்மா நிற்கும் கொக்குக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை எந்த மவுண்டும் நிரப்பாது.

எதிர்மறை எடுத்துக்காட்டு

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவை ஒட்டிய பாறைகளில் வரையாடுகள் நிற்கும். அவை அங்கே மனிதரைக் கண்டு விலகுவதில்லை. சாலைத் தடுப்புச் சுவர்மேல் ஏறி நின்று போகிற பஸ்ஸைப் பார்க்கும். பெருந்தொகை கொடுத்து 600 எம்எம் வாங்கியவர் அங்கே வந்து இறங்குகிறார். கேமராவை உயர்த்துகிறார். ஃபைண்டர் முழுவதும் ஒரு நாசித் துவாரம். பின்னுக்குப் போகிறார், இப்போது ஒரு கண்ணும் கொம்பின் அடியும். பெரிய டெலி லென்ஸுகளுக்குக் கிட்டத்தில் ஃபோகஸ் ஆகாத எல்லை ஒன்று வேறு உண்டு. சிலவற்றுக்கு அது நான்கு மீட்டருக்கு மேல். இன்னும் பின்னுக்குப் போனால் பஸ் வரும். அந்நேரத்தில் கோயம்புத்தூரிலிருந்து டூர் வந்த பள்ளிக்கூடப் பையன் கைபேசியை நீட்டி ஆடு, பாறை, கீழே ஆழியாறு அணை, மேலே மேகம் எல்லாம் சேர்த்து எடுத்துவிட்டுப் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்கிறான். (ஆட்டுக்குக் கொடுக்கக் கூடாது.) வால்பாறை ஊருக்குப் பக்கத்திலேயே, புதுத்தோட்டத்தில், சோலைமந்திகள் வீட்டுக் கூரைவரை வரும். அங்கேயும் இதே கதைதான்.

இதிலிருந்து நீள லென்ஸ் வீண் என்று கொள்ளற்க. லென்ஸ் வாங்குவதற்கு முன் எந்த விலங்கு, எவ்வளவு தூரத்தில் என்று கேட்கப்பட வேண்டும் என்பதே பெறப்படும். இக்கேள்வியைக் கடையில் கேட்பதில்லை. ‘பட்ஜெட் என்ன சார்?’ என்பதே அங்கே முதற்கேள்வி.

சுபக்கம்

இனி நம் கொள்கை. பாடிவாதி சொன்னதில் உண்மை உண்டு என்றோம். கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஆட்டோஃபோகஸ், 2020ஐ ஒட்டி வந்த மிரர்லெஸ் கேமராக்களில் பறவைகளுக்கும் கைகூடியபின், பறக்கும் பஞ்சுருட்டானைப் பிடிப்பது முன்னைவிட உண்மையிலேயே எளிதாகிவிட்டது. சத்தமே இல்லாத ஷட்டர் இன்னொரு வரம். டிஎஸ்எல்ஆரின் கண்ணாடி ‘டக்’ என்று அடித்ததும் தலை திருப்பும் புள்ளிமானைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். பறவை பறப்பதை எடுப்பதே ஒருவரின் முதன்மை வேலை, பழைய பாடியில் பாதிக்குமேல் ஃபோகஸ் தவறுகிறது, கை நடுக்கமும் தாமதமும் காரணமில்லை என்று உறுதியாகிவிட்டது என்றால், அவர் வாங்கட்டும். அது வேட்கையன்று, தேவை.

மற்றபடி வாங்கும் வரிசை என்று ஒன்று உண்டென்றால் அதில் முதலில் வருவது லென்ஸும் அல்ல, பாடியும் அல்ல. காற்றுப்புகாத ஒரு டப்பாவும் சிலிக்கா ஜெல்லும். சென்னைக் காற்றின் ஈரத்தில் அலமாரிக்குள் துணிப்பையோடு வைத்த லென்ஸுக்குள் பூஞ்சை வரும். பல லென்ஸுகள் ஆண்டு முழுவதும் நெருங்கிக் கண்ட ஒரே காட்டுயிர் அதுதான்.

வாங்கினால் பின்னால் வரும் செலவையும் பேச வேண்டும். புது பாடி பழைய மெமரி கார்டை ஏற்காமல் போகலாம். புது கார்டு, அதற்கொரு ரீடர். 45 மெகாபிக்சல் ரா கோப்பு ஒன்று சுமார் 50 எம்பி. ஒரு காலையில் ஆயிரம் படம் தட்டினால் 50 ஜிபி. ஆகவே ஹார்ட் டிஸ்க். அதைத் திறக்கக் கணினி திணறும், ஆகவே கணினி. விநாடிக்கு 120 படம் எடுக்கும் கேமராவும் வந்தாயிற்று. பத்து தடவை, தடவைக்கு ஒரு விநாடி அழுத்தினால் 1,200 படம். அத்தனையிலும் ஒரே கொக்கு. அத்தனையும் அத்தைக்குக் காட்டப்பட வேண்டும்.

ஆகவே தீர்ப்பு வருமாறு. வேட்கை ஐப்பசியில் வருவதால் முடிவு ஐப்பசியில் எடுக்கப்படலாகாது. வேடந்தாங்கல் பருவம் நவம்பரிலிருந்து மார்ச் வரை. அது முடியும்வரை கையிலிருக்கும் கருவியோடு போய்வருக. ஆசை தாங்கவில்லையென்றால் சென்னையிலும் கோவையிலும் லென்ஸை நாள் வாடகைக்குக் கொடுக்கிறார்கள்; ஒரு சனி, ஞாயிறு தூக்கிப் பார்த்தால் தோளே பாதித் தீர்ப்பை எழுதிவிடும். பங்குனி முடிவில் தவறிய படங்களை மட்டும் எடுத்துவைத்து, ஒவ்வொன்றும் எதனால் தவறியது என்று எழுதுக. தூரம்தான் என்று திரும்பத் திரும்ப வந்தால் லென்ஸ். ஃபோகஸ்தான் என்று வந்தால் பாடி. பறவை எழுந்தபின் நாம் எழுந்தோம் என்று வந்தால் அலாரம்.

அதன்பிறகும் வாங்கத்தான் வேண்டும் என்றால் சித்திரையில் செகண்ட் ஹேண்ட் பட்டியலைப் பாருங்கள். ஐப்பசியில் வாங்கியவர்கள் சிலர் அதற்குள் விற்பனைக்கு வைத்திருப்பார்கள். ‘அதிகம் பயன்படுத்தாதது’ என்று எழுதியிருந்தால் நம்பலாம். பணம் கொடுக்கும் முன் ஷட்டர் கவுண்ட்டைக் கேளுங்கள். லென்ஸை டார்ச் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள்.